தாலிக்கோட்டுக்கு மேலே

என் தையல் கடைக்கு வருகிறவர்கள் துணியோடு ஒரு பேச்சையும் விட்டுவிட்டுப் போவார்கள். துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பேச்சை நான் வைத்துக்கொள்வேன். "ஜாக்கெட்டு புடிக்கலன்னா பிரிச்சுத் தைக்கலாம், புருஷன் புடிக்கலன்னா இன்னாக்கா பண்றது?" என்று ஒருத்தி கேட்டுவிட்டுப் போனாள். அதற்கு இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம். மிச்சமெல்லாம் திருக்கழுக்குன்றத்துத் தேரடிச் சந்தில், இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நின்றபோது காதில் விழுந்தவை.

எனக்கு நோய் இருப்பதையும் அப்படி ஒரு வாடிக்கைக்காரிதான் சொன்னாள். குனிந்து அவளுக்கு இடுப்பளவு எடுத்துவிட்டு நிமிர்ந்தேன். எச்சில் விழுங்கினேன் போலிருக்கிறது.

"யக்கா, இன்னாக்கா அது? கழுத்துல எலந்தக்கொட்ட மாரி ஒண்ணு ஏறி எறங்குது?"

கடையில் ஆளுயரக் கண்ணாடி உண்டு. அதன் முன்னால் போய் நின்று மறுபடி விழுங்கினேன். ஏறியது, இறங்கியது. கண்ணாடியில் நின்ற கழுத்து என்னுடையதாகத் தெரியவில்லை. அது வசந்தா அக்காவின் கழுத்து.

அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அவள் இல்லாமல் இந்தக் கதையில் எனக்கு ஒரு பயமும் இல்லை.

வசந்தா என் கூடப்பிறந்த மூத்தவள். ஏரிக்கரையில் நின்று அவள் ஒரு குரல் கொடுத்தால் மேய்ச்சலில் இருக்கும் மாடு தானாகத் திரும்பும் என்பார்கள். அவளுக்கும் கழுத்தில் கட்டி வந்தது. என்னுடையதைவிடப் பெரியது. வெகு காலத்துக்கு முன்னால், வேறோர் ஊரில், அறுத்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் குரல் போய்விட்டது. காற்றும் கரகரப்பும் மட்டும் வரும். போன் பண்ணினால் எதிரில் இருப்பவர்கள் "யாரு? வெறும் காத்துதான் கேக்குது" என்று வைத்துவிடுவார்கள். வெட்டிய இடமோ ஆறவில்லை, வளர்ந்தது. சிவந்து, பளபளத்து, விரல் தடிமனுக்குக் கயிறு போலக் கழுத்தின் அடியில் கிடந்தது. சரியாகத் தாலிச்சரடு படுகிற இடம். சரடு உரச உரச அரிக்கும். அவள் சரட்டை ரவிக்கைக்கு வெளியே விட்டு ஊக்கு குத்திக்கொள்வாள்.

எங்கள் பக்கத்தில் ஒரு பெண்ணின் கழுத்தில் அப்படி ஒரு தழும்பு இருந்தால் ஊர் ஒன்றைத்தான் நினைக்கும். திருப்போரூரில் ஒரு கல்யாணப் பந்தியில், அக்கா காது கேட்கும்படியே ஒருத்தி கேட்டாள்: "இது எப்ப மாட்டிக்கினு தொங்குச்சு? யாரு அவுத்து எறக்குனாங்க?" அன்றைக்குக் கையைக் கழுவிய அக்கா அப்புறம் எந்தப் பந்தியிலும் உட்காரவில்லை. அவளுக்குக் காலர் வைத்த ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். சித்திரை வெயிலிலும் காலர்தான். மாரடைப்பில் அவள் போனபோது குளிப்பாட்ட அந்தக் காலரின் பித்தானை அவிழ்த்ததும் நான்தான். சுற்றி நின்ற பெண்கள் சட்டென்று பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதி என் காதை விட்டு இன்னும் போகவில்லை.

ஆகவே கண்ணாடியில் அந்தக் கட்டி ஏறி இறங்கியபோது எனக்குச் சாவு பயம் வரவில்லை. அக்காவின் கழுத்து எனக்கு வரப்போகிறது என்ற பயம்தான் வந்தது.

வீட்டுக்காரர் ஏழுமலை சுற்றுலா வேன் ஓட்டுகிறார். முட்டுக்காடு, மாமல்லபுரம், மறுபடி முட்டுக்காடு என்று கடற்கரைச் சாலையிலேயே அவர் பிழைப்பு. மறுநாள் சவாரியை விட்டுவிட்டு என்னைச் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பெயர் வேண்டாம், நல்ல இடம்தான். முதலில் ஸ்கேன். வயிற்றில் குழந்தையைப் பார்க்கிற அதே மிஷினைக் கழுத்தில் வைத்து உருட்டினார்கள். தைராய்டு என்பது தொண்டைக்கு முன்னால் வண்ணத்துப்பூச்சி போல உட்கார்ந்திருக்கும் ஒரு சுரப்பி. அதன் இடது இறக்கையில் கட்டி. பிறகு ஊசி. மெல்லிய ஊசியால் கட்டிக்குள்ளிருந்து கொஞ்சம் உறிஞ்சிக் கண்ணாடிச் சில்லில் தடவி அனுப்பினார்கள்.

முடிவுக்குக் காத்திருந்த வரிசையில் என் பக்கத்தில் ஓர் அம்மாள். "கோர்ட்டுலயும் ஆஸ்பத்திரிலயும் குந்திகினு கீறவளுக்குப் பக்கத்துல கீறவளே சொந்தம்" என்று சொல்லிக் கையில் இருந்த பிஸ்கட்டை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன், தின்ன முடியவில்லை.

அறுவை சிகிச்சை செய்கிறவர் ஒரு பெண். எல்லோரும் டாக்டரம்மா என்றார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். "இந்த வகைக் கட்டியில ஊசி பாதிதான் சொல்லும். நல்லதா கெட்டதான்னு தெரியணும்னா அந்தப் பக்கத்தையே எடுத்துப் பார்க்கணும். அவசரம் இல்லை. ஆனா விடக்கூடாது" என்றார்.

எனக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது.

"எங்க வெட்டுவீங்க?"

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "அதை ஏன் முதல்ல கேக்குறீங்க?"

அக்காவைச் சொன்னேன். குரலைச் சொன்னேன், கயிற்றைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து வந்து என் காதைப் பார்த்தார். காது குத்திய இடத்தில், மடலின் பின்பக்கம், மிளகு அளவுக்கு ஒரு முண்டு. சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. ஜிமிக்கி போட்டு மறைத்துவிடுவேன்.

"இதுவும் அதே ஜாதிதான். காயம் ஆறுனதும் தோல் வேலையை நிறுத்தணும். சில குடும்பங்கள்ல தோலுக்கு நிறுத்தத் தெரியாது, கட்டிக்கிட்டே போகும். கீலாய்டுன்னு சொல்லுவோம். உங்க அக்காவுக்கு இருந்தது, உங்களுக்கும் இருக்கலாம். அதனால வெட்டற இடத்தை நாம முன்னாடியே யோசிக்கணும்."

"யோசிச்சா வராதா?"

"வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வர்றதுக்கு வழி விட மாட்டேன்."

நான் தையற்காரி என்று தெரிந்ததும் அவருக்கு விளக்குவது சுலபமாகிவிட்டது. துணிக்கு நூலோட்டம் இருப்பது போலத் தோலுக்கும் உண்டாம். கழுத்தில் அது குறுக்காக, மடிப்பு மடிப்பாக ஓடுகிறது. மடிப்போடு சேர்த்து வெட்டினால் காயத்தின் இரண்டு விளிம்பும் தானாக நெருங்கி நிற்கும். மடிப்பை மீறி வெட்டினால் ஒவ்வொரு அசைவும் விளிம்பை இழுக்கும், இழுக்க இழுக்கத் தழும்பு தடிக்கும். கழுத்தின் அடியில், மார்பெலும்புக்குப் பக்கத்தில் போகப் போக இழுப்பு அதிகம். கையைத் தூக்கினாலும் அந்தத் தோல்தான் பதில் சொல்ல வேண்டும். ஆகவே அங்கே இறங்கக் கூடாது, மேலே இருக்கும் மடிப்பில் வெட்ட வேண்டும்.

"சின்னதா வெட்டிடுங்கம்மா" என்றார் ஏழுமலை.

"ரொம்பச் சின்னதா வெட்டி உள்ள கையை விட்டு இழுத்தா விளிம்பு நசுங்கிப்போகும். நசுங்குனது அழகா ஆறாது. குரலுக்குப் போற நரம்பு நூல் மாதிரி அந்தச் சுரப்பிக்குப் பின்னாடியே ஓடுது. அதைக் கண்ணால பார்த்துக்கிட்டே வேலை செய்யணும். பார்க்கத் தேவையான அளவு வெட்டுவேன், அதுக்கு மேல ஒரு நூல் கூட வெட்ட மாட்டேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் வேகத்தடை வரும்போதெல்லாம் ஏழுமலை வேனை நிறுத்தினாற்போல ஏற்றி இறக்கினார். கட்டி குலுங்கிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. "இன்னா, முட்டை லோடா ஏத்திகினு போற?" என்று கேட்டேன். சிரிக்கவில்லை மனுஷன்.

இரவில் கண்ணை மூடினால் அக்கா காலர் பித்தானைப் போட்டுக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலும் நின்றாள். துணி வெட்ட உட்கார்ந்தால் கழுத்து வளைவு வரைகிற இடத்தில் கத்தரிக்கோல் நகராது.

அறுவைக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த அன்று சாயங்காலம் டாக்டரம்மா ஒரு மார்க்கர் பேனாவோடு வார்டுக்கு வந்தார். என்னைக் கட்டிலில் நேராக உட்காரச் சொன்னார். "எச்சில் முழுங்குங்க. தலையைக் குனிங்க. நிமிருங்க. உங்க வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசுங்க."

"இன்னா பேசறது?" என்றேன்.

"நாஸ்தா துன்னியான்னு கேளு" என்றார் ஏழுமலை.

கேட்டேன். கேட்கும்போது கழுத்தில் எந்த மடிப்பு மடங்குகிறது என்று பார்த்து, அதன் மேலேயே ஊதா நிறத்தில் ஒரு கோடு போட்டார். நடுவில் ஒரு சின்னக் குறுக்குக் கோடு, இரண்டு பக்கமும் சமமாக வர. கண்ணாடியைக் காட்டினார். தாலிச்சரடு கிடக்கும் பள்ளத்துக்கு இரண்டு விரல்கடை மேலே இருந்தது. "தியேட்டர்ல தோளுக்கு அடியில தலையணை வச்சுத் தலையைப் பின்னாடி சாய்ப்போம். அப்போ தோல் இழுபட்டு எல்லா மடிப்பும் மறைஞ்சிடும். அங்க குறிச்சா, எழுந்து நிக்கும்போது வெட்டு கீழ இறங்கி மார்பெலும்புல உட்கார்ந்திருக்கும். அதனாலதான் இப்பவே குறிக்கிறேன். இதை அழிச்சுடாதீங்க."

அக்காவுக்கு யாரும் உட்கார வைத்துக் குறிக்கவில்லை. படுக்க வைத்துக் குறித்திருப்பார்கள். அக்காவைக் காலருக்குள் அடைத்தது இவ்வளவுதானா என்று இருந்தது. அவ்வளவுதான்.

விடிந்தது. நகை எதுவும் தியேட்டருக்குள் போகக் கூடாது என்றார்கள். தாலிச்சரட்டைக் கழற்ற வேண்டும். என் நாத்தனார் செல்வி முந்தின நாளே மலைக்கோயிலுக்குப் போய், மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டி, வேதகிரீஸ்வரர் காலடியில் வைத்து எடுத்து வந்திருந்தாள். எங்கள் வழக்கத்தில் கட்டுக்கழுத்திகள் ஒரு நொடி கூட வெறுங்கழுத்தோடு இருக்கக் கூடாது. முதலில் கயிற்றைக் கட்டிவிட்டு அப்புறம்தான் சரட்டைக் கழற்றுவார்கள்.

"ஆடாதண்ணி, ஒரு நிமிஷம். நெம்பப் பேசிகினே கீறியே, இன்னிக்காவது கம்முனு குந்து" என்று சொல்லிக்கொண்டே செல்வி அரைத்த மஞ்சளில் நனைத்த கயிற்றைக் கட்டினாள். மஞ்சள் தண்ணீர் கழுத்தெல்லாம் வழிந்தது. ஆஸ்பத்திரி அங்கி கறையாகிவிடும் என்று ஈரத்துணியால் கழுத்தைச் சுத்தமாக, பாசமாக, அழுத்தித் துடைத்துவிட்டாள். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை.

தியேட்டருக்குள் சிஸ்டர் கயிற்றைக் கத்தரித்து, என் மணிக்கட்டில் பிளாஸ்திரி போட்டு ஒட்டினார். "சாமி கையில இருக்காரு, போதுமா?" என்றார். தோளுக்கு அடியில் தலையணை வந்தது. தலை பின்னால் சாய்ந்தது. கூரை விளக்கு மட்டும் தெரிந்தது. டாக்டரம்மா இன்னும் வரவில்லை. துணைக்கு இருந்த இளம் டாக்டர் குனிந்து பார்த்தார்.

"மேடம் போட்ட மார்க் அழிஞ்சிருக்கே. லேசா ஒரு கோடு தெரியுது. சிஸ்டர், பேனா குடுங்க. அது மேலேயே அழுத்திப் போட்டுடறேன்."

பேனா முனை கழுத்தில் பட்டது. குளிர்ந்திருந்தது. எங்கே பட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனை கழுத்துக்கு அளவு எடுத்தவள் நான், என் கழுத்து எனக்குத் தெரியாதா? அது கல்யாணமான நாள் முதல் சரடு அழுத்தி அழுத்தி விழுந்த பள்ளம். செல்வியின் மஞ்சள் அதற்குள் தங்கி ஒரு மஞ்சள் கோடாக நின்றிருக்க வேண்டும். ஊதாக் கோடு அவள் துடைத்த ஈரத்துணியோடு போயிருக்கும். பேனா அந்த மஞ்சள் கோட்டின் மேல் நகர்ந்துகொண்டிருந்தது.

அக்காவின் இடம்.

ஊரார் பேச்சையெல்லாம் சேர்த்து வைத்தவளுக்கு அந்த நேரத்தில் ஒரு சொல் வரவில்லை. பிளாஸ்திரி போட்ட கையைத் தூக்கி அந்தப் பேனாவைப் பிடித்தேன்.

"அது தாலிக்கோடு" என்றேன். "வெட்டுற கோடு இல்ல."

இளம் டாக்டர் கையை எடுத்துவிட்டார். அவருக்கு முகம் மாறியதை முகமூடிக்கு மேலேயே பார்த்தேன். அப்போதுதான் டாக்டரம்மா உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டார். குனிந்து பார்த்தார். "தலையணையை எடுங்க. அம்மாவை உட்கார வைங்க."

மேசையின் மேலேயே என்னை நிமிர்த்தி உட்கார வைத்தார்கள். டாக்டரம்மா மஞ்சளையும் புதுக் கோட்டையும் பஞ்சால் துடைத்தார். "எச்சில் முழுங்குங்க. தலையைக் குனிங்க. வீட்டுக்காரர் இல்லை, என்னைப் பார்த்துப் பேசுங்க."

"நாஸ்தா துன்னீங்களா?" என்று கேட்டேன்.

"இட்லி" என்றார். மறுபடியும் அதே மடிப்பில் கோடு போட்டார். பிறகு இளம் டாக்டரிடம் திரும்பி, கோபமில்லாமல், "அழிஞ்சிருந்தா மறுபடி உட்கார வைக்கணும். படுத்துக்கிட்டு யாரும் கல்யாணத்துக்குப் போறதில்லை" என்றார். என்னிடம், "நான் பார்க்காம கத்தி எடுக்க மாட்டேன். பயப்படாதீங்க" என்றார்.

அது உண்மையாகத்தான் இருக்கும். நான் பேனாவைப் பிடிக்காவிட்டாலும் அவர் பார்த்திருப்பார். ஆனாலும் அந்தக் குளிர்ச்சி என் கழுத்தில் தங்கிவிட்டது. மயக்க மருந்து ஏறும்போது கடைசியாக நினைவில் இருந்தது அதுதான்.

கண் விழித்தபோது ஒரு சிஸ்டர் கன்னத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். "கோமதியம்மா, உங்க பேரைச் சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா."

"கோமதி" என்றேன்.

என் வாயிலிருந்து வசந்தா பேசினாள்.

அதே காற்று, அதே கரகரப்பு. போனில் கேட்ட அதே குரல், என் பெயரைச் சொன்னது. அக்கா உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டாள் என்றே நினைத்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது. சிஸ்டர் பதறவில்லை. "மூச்சுக்காகத் தொண்டையில குழாய் போட்டிருந்தாங்க, அதனால கம்முது. ரெண்டொரு நாள்ல திரும்பிடும். 'ஈ'ன்னு சொல்லுங்க பார்ப்போம். ஆங், நல்லா இருக்கு" என்றார். நல்லா இருக்கு என்று அவருக்குத்தான் தெரிந்தது.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மூடிய தட்டு வைத்திருந்தார்கள். அதில் என்ன என்று சைகையால் கேட்டேன். கத்தரிக்கோல். அறுவைக்குப் பின் உள்ளே ரத்தம் கசிந்து கட்டிக்கொண்டால் மூச்சுக்குழலை அழுத்தும். அப்படி ஆனால் யாரையும் கேட்காமல் அந்த இடத்திலேயே தையலைப் பிரித்து விடுவதற்காம். பிழைப்பெல்லாம் கத்தரிக்கோலோடு கிடந்தவள், அந்த இரவு அதைப் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன். ஏழுமலை நாற்காலியில் உட்கார்ந்து என் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீங்குகிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தார்களாம். வேன் ஓட்டுகிறவர், கண்ணை மூடாமல் இருக்கப் பழகியவர். செல்வி பிளாஸ்க்கில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்னாலதான்... மஞ்சளைத் தொடைக்காம இருந்திருந்தா..." என்று விசும்பினாள். அவள் கையைப் பிடித்து என் மணிக்கட்டில் இருந்த கயிற்றின் மேல் வைத்துக்கொண்டேன்.

குரல் திரும்பியது. ஒரேயடியாக இல்லை, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போலக் கொஞ்சம் கொஞ்சமாக. பரிசோதனை முடிவும் வந்தது. கெட்டது இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று செல்வி கோயிலுக்கு ஓடினாள்.

தோலுக்கு மேலே தையலே தெரியவில்லை. ஒரே நூலால் டாக்டரம்மா உள்ளுக்குள் ஓட்டியிருந்தார், நாங்கள் சேலை ஓரத்தில் எம்மிங் பண்ணுவது போல. ஒரு முனையைப் பிடித்து இழுத்ததும் முழு நூலும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. அப்புறம் சிலிக்கான் என்ற ரப்பர் போன்ற பட்டையைக் கோட்டின் மேல் ஒட்டிக்கொள்ளச் சொன்னார். வெயில் படக் கூடாது. அரித்தால் உடனே வர வேண்டும், தடிப்பதற்கு முன்னால் வருவது அரிப்புதான் என்றார். சில மாதம் கழித்து இடது முனையில் கடுகளவு ஒரு முண்டு எழுந்தது. அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் ஏழுமலை மாமல்லபுரத்திலிருந்து சவாரியைப் பாதியில் விட்டு ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் அந்த முண்டுக்குள்ளேயே ஊசி போட்டார்கள். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டிய வலி. இரண்டு மூன்று தடவை போட்டதும் கடுகு அமுங்கியது.

"கூச்சலு போட்டியே, தெரு முழுக்க கேட்டுச்சாம்" என்றார் ஏழுமலை, வேனில் திரும்பும்போது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் குரல் தெருமுனை வரைக்கும் போயிருக்கிறது.

போன வாரம் நெம்மேலியிலிருந்து ஒருத்தி கடைக்கு வந்தாள். சின்னப் பெண், புதுத்தாலி. துணிக்கடைப் பைக்குள் ஸ்கேன் படத்தை வைத்திருந்தாள்.

"யக்கா, எனக்குக் கழுத்துல ஆப்பரேஷன். முன்னாடியே காலர் வச்சு நாலு ஜாக்கெட்டு தச்சு வச்சுக்கறேன். அப்புறம் எவளும் ஒண்ணும் கேக்கக் கூடாது பாரு."

டேப்பை எடுக்காமல் அவளைக் கண்ணாடிக்கு முன்னால் இழுத்து வந்து நிறுத்தினேன். பக்கத்தில் நானும் நின்றேன்.

"எனக்கும் ஆச்சு. எங்கன்னு கண்டுபுடி."

குனிந்து பார்த்தாள், சாய்ந்து பார்த்தாள். "எங்கக்கா? சும்மா கலாய்க்கறியா?"

விரலை வைத்துக் காட்டினேன். மடிப்புக்குள் நூல் போல ஒரு வெளுப்பு. அவளுக்கு நம்பிக்கை வந்த பிறகு, உட்கார வைத்துக் கோடு போடச் சொல், எச்சில் விழுங்கிக் காட்டு, காலையில் யாரும் கழுத்தைத் துடைக்க விடாதே என்று மூன்று தடவை சொன்னேன். சாதாரணக் கழுத்துக்கே அளவு கொடுத்துவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகும் நான் கண்ணாடியை விட்டு நகரவில்லை. அவள் தேடியது மேலே. என் விரல் தானாகக் கீழே இறங்கியது, பேனா முனை பட்ட இடத்துக்கு, சரடு கிடக்கும் பள்ளத்துக்கு. அங்கே கத்தி படவில்லை. தழும்பு இல்லை, தடிப்பு இல்லை, தொட்டுப் பார்த்தால் வெறும் தோல்.

அங்கேதான் அரிக்கிறது.